பிக்கப்புக்கு ஏடி டயர்: தார் ரோட்டில் ஓடும் வண்டிக்கு எது பொருந்தும்?

டயர் கடையில் ஏடி டயர், அதாவது தாருக்கும் மண்ணுக்கும் சேர்த்துச் செய்த டயர், என்று பேச்செடுத்தாலே இரண்டு கருத்துதான் காதில் விழும். "ஏடி போட்டா எங்க வேணும்னாலும் ஏறிரும்லா அண்ணாச்சி" என்பார் ஒருவர். "சத்தம் தாங்காது, மைலேஜும் போயிரும், அந்தப் பக்கமே போயிராதீங்க" என்பார் அடுத்தவர். ஒருவர் வரவை மட்டும் சொல்கிறார், மற்றவர் செலவை மட்டும். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதிப் பார்த்தால்தான் நம் வண்டிக்கு அது வேண்டுமா என்று தெரியும்.

பாளையங்கோட்டையில் கிளம்பி நாலு வழிச் சாலையில் வள்ளியூர், நாகர்கோவில் என்று போய்வந்து, வாரத்தில் ஒன்றிரண்டு தடவை தோட்டத்துக்கோ காற்றாலைக்கோ கல்குவாரிக்கோ மண்பாதையில் இறங்கும் பிக்கப்பை மனதில் வைத்தே இந்த விளக்கம். தினமும் காட்டுக்குள்ளேயே கிடக்கும் வண்டிக்குக் கணக்கு வேறு.

ஹெச்டி, ஏடி, எம்டி

டயரின் மேற்பரப்பில் தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளைக் கடைக்காரர்கள் பட்டன் என்பார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். பட்டன்கள் நெருக்கமாக, நீளவாக்கில் வரிவரியாக இருந்தால் அது ஹெச்டி, அதாவது ஹைவே டெரைன். தார் ரோட்டுக்கென்றே செய்தது. பட்டன் ஒவ்வொன்றும் தனித்தனியாக, நடுவில் விரல் தாராளமாக நுழையும் அளவுக்கு வெளி விட்டு இருந்தால் எம்டி, மட் டெரைன். சேற்றுக்கானது. இரண்டுக்கும் இடைப்பட்டது ஏடி, ஆல் டெரைன்.

ஏடி என்று டயரில் எழுதுவதற்குச் சட்டப்படி எந்த அளவுகோலும் கிடையாது. கம்பெனிக்குத் தோன்றினால் எழுதிக்கொள்ளலாம். அதனால் ஏடி என்ற பெயரிலேயே ஹெச்டிக்குச் சொந்தக்காரன் போல ஒன்று இருக்கும், எம்டிக்குத் தம்பி போல இன்னொன்று இருக்கும். முதல் வகையை மித ஏடி என்றும் இரண்டாவதை முரட்டு ஏடி என்றும் சொல்லலாம். எழுத்தை விட்டுவிட்டுப் பட்டனைப் பாருங்கள். நட்டநடுவில் பட்டன்கள் நெருங்கி, ஏறக்குறைய தொடர்ச்சியான வரியாக ஓடினால் மிதம். நடுவிலும் வெளி அகலமாக இருந்து, ஓரப் பட்டன்கள் பக்கவாட்டுச் சுவர்வரை இறங்கினால் முரடு.

சில டயர்களில் மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் பொறித்த ஒரு முத்திரை இருக்கும். அதை உயர்தர முத்திரை என்று காட்டி விற்பவர்களும் உண்டு. அது பனிப்பொழிவில் பிடிப்புக்கான சோதனையில் தேறியதன் அடையாளம். திருநெல்வேலியில் அதற்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.

பட்டன் உயரமானால் என்ன ஆகும்

பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர் ஒன்றை மேசையில் படுக்கவைத்து, மேலே விரலை அழுத்தி முன்னால் தள்ளிப் பாருங்கள். ரப்பர் அவ்வளவாக வளையாது. அதையே நெட்டுக்குத்தாக நிறுத்தித் தள்ளினால் சாயும். பிளேடால் மேலிருந்து பாதிவரை இரண்டு மூன்று கீறல் போட்டுவிட்டுத் தள்ளினால் இன்னும் சுலபமாகச் சாயும்.

டயரில் நடப்பதும் இதுதான். புது ஹெச்டி டயரில் பட்டன் உயரம் பெரும்பாலும் 8, 9 மி.மீ. இருக்கும். ஏடியில் 10 முதல் 13 மி.மீ. வரை போகும். வண்டியை முடுக்கும்போதும், பிரேக் போடும்போதும், வளைவில் திருப்பும்போதும் தரையில் பட்ட ஒவ்வொரு பட்டனும் சாய்ந்து, தரையை விட்டதும் நிமிர்கிறது. சாய்க்கச் செலவான சக்தி முழுவதும் நிமிரும்போது திரும்பி வருவதில்லை, ஒரு பகுதி சூடாகிப் போகிறது. டயர் உருளும்போது இப்படி வீணாகும் சக்தியால் ஏற்படும் இழுவைக்கு உருளல் தடை என்று பெயர். ஏடியில் டீசல் கூடுதலாகப் போவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது, எடை. பக்கச் சுவரைத் தடிப்பாக்கிச் செய்த ஏடி, ஹெச்டியைவிட டயருக்கு மூன்று நான்கு கிலோ கூடுதலாக இருக்கும்.

பட்டன் உயரம் என்றால் ஆயுளும் கூடும் என்று கணக்குப் போடுவது சரிவராது. அசையும் பட்டன் தேயவும் செய்கிறது. சித்திரை வெயிலில், முழுப் பாரத்தோடு, நான்குநேரி டோலிலிருந்து சாலைப்புதூர் டோல்வரை ஒரே வேகத்தில் அடித்தால் உயரமான பட்டனுக்குள் சேரும் சூடு அதிகம். காற்றும் குறைவாக இருந்துவிட்டால் பட்டனின் ஓரங்கள் துண்டு துண்டாகப் பெயர ஆரம்பிக்கும்.

சுருக்கமாக: பட்டன் உயரமும் இடைவெளியும் கூடக் கூட மண்ணில் வரவு, தாரில் செலவு. மண்பாதையில் போகும் சில கிலோமீட்டருக்கான விலையைத் தார் ரோட்டின் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் கட்டிக்கொண்டே இருக்கிறோம்.

மழையில் நனைந்த தார்

மைலேஜைவிட முக்கியமான செலவு இது. ஆனால் கடையில் யாரும் வாய் திறப்பதில்லை.

மண்ணிலும் சரளையிலும் பட்டனின் விளிம்புகள் தரையைக் கவ்வித்தான் வண்டி நகர்கிறது. தாரில் அப்படியில்லை. ரப்பர் எவ்வளவு பரப்பில் தாரைத் தொடுகிறது, எவ்வளவு மென்மையாகப் படிகிறது என்பதில்தான் பிடிப்பு. ஏடியில் இடைவெளிக்குப் போன பரப்பு போக, தொடும் ரப்பர் குறைவு. கல்லில் வெட்டுப்படாமல் இருக்கக் கலக்கும் கடினமான ரப்பர் ஈரத் தாரில் அவ்வளவாகப் படியவும் செய்யாது. இரண்டும் சேர்ந்து, நனைந்த ரோட்டில் வண்டி நிற்க எடுக்கும் தூரம் ஹெச்டியைவிடக் கூடுகிறது. புரட்டாசி கடைசியிலோ ஐப்பசியிலோ முதல் மழை விழும்போது, மாதக்கணக்கில் படிந்த தூசியும் ஆயிலும் சேர்ந்து ரோடு சோப்பு போட்டது மாதிரி இருக்கும். அந்த நேரம்தான் ஆபத்து அதிகம்.

தண்ணீர் தேங்கிய இடத்தில் வேகமாகப் போனால் டயர் தாரைத் தொடாமல் தண்ணீர் மேலேயே மிதந்து வழுக்குமே, அதில் ஏடி மோசமில்லை. அகலமான இடைவெளி வழியாகத் தண்ணீர் சீக்கிரம் வெளியேறிவிடும். பலவீனம் எல்லாம் மெல்லிய ஈரப்படலத்தில் பிரேக் பிடிக்கும்போதுதான். அதைச் சரிக்கட்டத்தான் பட்டன்மேல் பிளேடால் கீறியது போல மெல்லிய வெட்டுகள் போடுகிறார்கள். அவற்றுக்கு சைப் என்று பெயர். தார் ரோட்டுக்காக ஏடி வாங்குகிறவர் ஒவ்வொரு பட்டனிலும் சைப் இருக்கிறதா, அது மேலோடு நிற்காமல் ஆழமாகப் போகிறதா என்று நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். மேலோட்டமான சைப் பாதித் தேய்மானத்தில் காணாமல் போய்விடும்.

பின்பக்கம் காலியாக ஓடும் பிக்கப்புக்கு இன்னொரு சிக்கல். பாரம் ஏற்றுவதற்காகப் பின் டயரில் வைத்த காற்றை இறக்காமல் காலி வண்டியாக ஓட்டினால், டயரின் நடுப்பகுதி மட்டும் தாரைத் தொடும். மழையில் பின்பக்கம் விலகிப் போவதற்குப் பல நேரம் டயரின் ரகத்தைவிட இதுதான் காரணம். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் காலிக்கு ஒன்று, பாரத்துக்கு ஒன்று என்று காற்றழுத்தம் தனித்தனியாகக் கொடுத்திருந்தால் அதன்படி மாற்றி வைக்கவேண்டும்.

நம்மூர் மண்ணில் ஏடி எதற்கு உதவும்

எந்த மண்ணில் வண்டி நிற்கிறது என்று பார்க்காமல் ஏடி வாங்குவது வீண். இந்தச் சீமையில் ஒரே நாளில் நாலு வகை மண் பார்த்துவிடலாம்.

செம்மண் சரளையும் குவாரிக் கல்லும்: பணகுடி, காவல்கிணறு, ராதாபுரம் பக்கம் காற்றாலைகளுக்குப் போகும் பாதைகள், கல்குவாரி வழிகள், மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை ஏறும் பாதை போலக் கல் பெயர்ந்த மலைவழிகள். ஏடி தன் காசுக்கு உழைக்கும் இடம் இதுதான். இங்கே பிடிப்பைவிட வெட்டுதான் பிரச்சினை. பட்டனில் ஆணி ஏறினால் பஞ்சர் ஒட்டிவிடலாம். பக்கச் சுவரைக் கூர்கல் கிழித்தால் ஒட்ட வழியில்லை, டயரையே மாற்ற வேண்டியதுதான். நல்ல ஏடியில் பக்கச் சுவர் தடிப்பாக, சிலவற்றில் உள்ளே நூல் அடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். இடைவெளியின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சிக்கிய கல்லை வெளியே தள்ளிவிடுவது அவற்றின் வேலை. அவை இல்லாத டயரில் மாட்டிய ஜல்லி, நெடுஞ்சாலையில் ஓட ஓட உள்ளே துளைத்துக்கொண்டே போகும். குவாரியை விட்டுத் தாரில் ஏறுமுன் முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவரால் கல்லை நெம்பி எடுத்துவிடுவது நல்லது.

கரிசல்: மானூர் தாண்டி, சங்கரன்கோவில், கழுகுமலைப் பக்கம். மழை பெய்த கரிசலில் பத்து அடி போனதுமே பட்டன் இடைவெளி முழுக்க மண் அப்பி, டயர் வழவழப்பான மண் உருளையாகிவிடும். அதற்கப்புறம் ஏடியும் ஒன்றுதான், மொட்டை டயரும் ஒன்றுதான். அப்பிய மண்ணை உதறும் அளவுக்கு அகலமான இடைவெளி எம்டியில்தான் உண்டு. அதற்கும் சக்கரம் வேகமாகச் சுற்ற வேண்டும். வருடத்தில் நாலைந்து நாள் கரிசலில் இறங்குகிறவர் அதற்காக டயரை மாற்றுவதைவிட, வெயில் அடித்து மேல்மண் காயும்வரை பொறுப்பது மலிவு.

தேரி மணல்: குதிரைமொழித் தேரி, திசையன்விளை, உவரிப் பக்கம். மணலில் பட்டனைவிடக் காற்றழுத்தம்தான் பேசும். 35 பிஎஸ்ஐ காற்றோடு முரட்டு ஏடி மணலைத் தோண்டிக்கொண்டு உள்ளே இறங்கும். காற்றை 18 முதல் 20 பிஎஸ்ஐவரை இறக்கினால் டயர் தரையில் நீளமாகப் படிந்து, சாதாரண ஹெச்டிகூட மேலேயே மிதந்து போகும். இறக்கிய காற்றோடு 25, 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போகக்கூடாது. ஸ்டீயரிங்கைச் சட்டென்று ஒடிக்கவும் கூடாது, டயரின் விளிம்பு டிஸ்கை (டயர் மாட்டியிருக்கும் உலோகச் சக்கரத்தை) விட்டுக் கழன்றுவிடும். பெரும்பாரத்தோடு இதைச் செய்யவே வேண்டாம். தாரில் ஏறுமுன் காற்றைத் திரும்ப நிரப்பியாக வேண்டும் என்பதால், பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியில் இருக்கட்டும். தேரிக்காக ஏடி போட நினைப்பவர் முதலில் கம்ப்ரசரை வாங்கிப் பார்க்கலாம், பல பேருக்கு அதுவே போதும்.

முள்: உடைமுள்ளும் சீமைக்கருவேல முள்ளும். குட்டை முள்ளை உயரமான பட்டன் ஓரளவு தடுக்கும். நெடுமுள் எந்த டயரிலும் இறங்கும்.

ஆக, கூர்கல்லுக்கு ஏடி கட்டாயம் உதவும். மணலுக்குக் காற்றை இறக்கு. ஈரக் கரிசலுக்கு மித ஏடியை நம்பி இறங்காதே.

பக்கச் சுவரில் இருக்கும் எண்கள்

245/70 R16 111S என்று ஒரு டயரில் இருக்கிறது என்று வையுங்கள். 245 என்பது டயரின் அகலம், மி.மீ. கணக்கில். 70 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 70 விழுக்காடு, அதாவது 171.5 மி.மீ. ஆர் என்றால் ரேடியல், டயருக்குள் நூல் அடுக்கைக் கட்டும் ஒரு முறை. 16 என்பது டிஸ்கின் விட்டம், இன்ச்சில். 111 என்பது பாரக் குறியீடு: ஒரு டயர் தாங்கக்கூடிய உச்ச எடையைக் குறிக்கும் எண். 100 என்றால் 800 கிலோ, 105 என்றால் 925, 111 என்றால் 1090, 113 என்றால் 1150. கடைசி எழுத்து வேக வரம்பு: எஸ் என்றால் 180 கி.மீ., கியூ என்றால் 160. ஏடியில் கியூ வந்தால் பயப்பட வேண்டாம், பிக்கப்பை யாரும் அந்த வேகத்தில் ஓட்டப் போவதில்லை. பாரக் குறியீடு மட்டும் வண்டியோடு வந்த டயரைவிடக் குறையவே கூடாது.

எல்டி என்ற இரண்டு எழுத்து

அதே அளவுக்கு முன்னால் எல்டி என்று போட்டும் டயர் கிடைக்கும். லைட் டிரக் என்பதன் சுருக்கம். தடித்த கட்டு, அதிகக் காற்றைத் தாங்கும், அதனால் அதிகப் பாரமும் தாங்கும். "எல்டி போட்டுட்டா கவலையே இல்ல" என்று நினைத்து வாங்குகிறவர்கள் தடுக்கி விழுவது காற்றில்.

எல்டி டயரின் பாரத் திறன் அதிகக் காற்றில்தான் கிடைக்கும். ஒரு உதாரணம்: எல்டி 245/75 R16, பாரக் குறியீடு 120. 80 பிஎஸ்ஐ காற்றில் ஒரு டயர் ஏறக்குறைய 1380 கிலோ தாங்கும். அதே டயரில் பழைய பழக்கத்தில் 35 பிஎஸ்ஐ வைத்தால் தாங்குவது ஏறக்குறைய 770 கிலோதான். எல்டி இல்லாத சாதாரண 245/75 R16, 111 குறியீட்டுடன், 36 பிஎஸ்ஐயிலேயே 1090 கிலோ தாங்கும். பின் அச்சில் டயருக்கு 900 கிலோ விழும் வண்டியில், எல்டி மாட்டிக் கதவுத் தாளில் உள்ள பழைய காற்றையே வைத்தால், பலமான டயரைப் போட்டும் பாரம் மீறிய டயரில்தான் ஓடுகிறோம். சூடேறிப் பக்கச் சுவர் பிளப்பது இப்படித்தான். எல்டி போட்டால் டயர் கம்பெனியின் பார அட்டவணையைப் பார்த்து அதற்குரிய காற்றை வைக்கவேண்டும். காற்றைக் கூட்டியதும் காலி வண்டி கட்டாந்தரையில் குதிக்கும். அதுவும் விலையில் சேர்த்திதான்.

மறுபக்கத் தவறும் உண்டு. சரக்குக்கென்றே வந்த, ஒரு டன்னுக்கு மேல் ஏற்றும் பிக்கப்பில் தொடக்கத்திலேயே எல்டியோ, அளவுக்குப் பின்னால் சி என்று போட்ட வணிக வாகன டயரோ இருக்கும். அதைக் கழற்றிவிட்டு எஸ்யூவிக்கான ஏடியை அழகுக்காக மாட்டுவது ஆபத்து. அந்த வண்டிகளின் அளவில் ஏடி கிடைப்பதும் அரிது. முன்னுக்கு வரிப் பட்டன் கொண்ட ரிப் டயர், பின்னுக்குக் கட்டிப் பட்டன் கொண்ட லக் டயர் என்று சரக்கு வண்டிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதே அங்கே சரியான விடை.

6பிஆர், 8பிஆர் என்ற குறிகளைப் பார்த்து உள்ளே ஆறு அடுக்கு, எட்டு அடுக்கு இருப்பதாக எண்ண வேண்டாம். பருத்தி நூலில் டயர் கட்டிய காலத்துக் கணக்கு அது. இன்று பலத்தைக் குறிக்கும் அடையாளம் மட்டும்தான்.

ஒரு சைஸ் பெரிதாகப் போட்டால்

245/70 R16 டயரின் மொத்த விட்டம் சுமார் 749 மி.மீ. 265/70 R16 போட்டால் 777 மி.மீ. ஆகும், 3.7 விழுக்காடு கூடுதல். வண்டி உயர்வது இதில் பாதி, 14 மி.மீ. மட்டுமே. பார்க்க கம்பீரம்தான். ஆனால் மீட்டர் 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-இல் போகும். கியர் கனமாகி ஏற்றத்தில் இழுவை குறையும். வண்டி 1000 கி.மீ. ஓடினால் ஓடோமீட்டர் 964 என்று காட்டும். பெரிய ஏடி போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது என்ற புலம்பலில் ஒரு பகுதி இந்தக் கணக்குப் பிழைதான்.

265-க்குக் குறைந்தது 7 இன்ச் அகல டிஸ்க் வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் மட்கார்டிலோ சேசிஸிலோ உரசுகிறதா என்று பாரம் ஏற்றிப் பார்க்க வேண்டும். தார் ரோட்டு வண்டிக்குக் கம்பெனி சொன்ன அளவை விட்டு நகரக் காரணமே இல்லை என்பதே எங்கள் கருத்து.

எதை எடுப்பது

மாதம் ஓடும் கிலோமீட்டரில் தாரை விட்டு இறங்குவது எவ்வளவு என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குகூட வராமல், இறங்குவதும் காய்ந்த மண்பாதை என்றால் நல்ல ஹெச்டி போதும். அந்தப் பத்தில் ஒரு பங்கு குவாரி, காற்றாலைக் கல்பாதை என்றால் மித ஏடி, கம்பெனி அளவில், பாரக் குறியீடு குறையாமல். முரட்டு ஏடிக்கு ஆசை வந்தால், மழையில் நாலு வழிச் சாலையில் பிரேக் போடும் காட்சியை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள். எம்டி இந்தக் கணக்குக்குள்ளேயே வராது.

வாங்கும்போது பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் உள்ள நான்கு இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. அதிகம் விற்காத ஏடி அளவுகள் குடோனிலேயே கிடந்து பழசாகும் வாய்ப்பு கூடுதல். ஒரு வருடத்துக்கு மேல் ஆனதை வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஐஎஸ்ஐ முத்திரையும் இருக்க வேண்டும்.

நான்கு சக்கர இழுவை வண்டியென்றால் நான்கும் ஒரே அளவு, ஒரே ரகம், ஒரே மாதிரித் தேய்மானமாக இருக்கட்டும். முன்னும் பின்னும் விட்டம் வேறுபட்டால், நான்கு சக்கர இழுவையைப் போடும்போது கியர் பெட்டிகளுக்குள் இழுபறி ஏற்பட்டுத் தேய்மானம் கூடும். ஸ்டெப்னியும் அதே அளவு, அதே ரகம் என்றால் ஐந்தையும் சுழற்சியில் கொண்டுவரலாம்.

மாட்டிய பிறகு

ஏடியில் சத்தம் வருவது, பட்டன்கள் தாரில் ஒவ்வொன்றாக அறைவதாலும் இடைவெளிக்குள் சிக்கிய காற்று நசுங்கி வெளியேறுவதாலும். பட்டன்களின் நீளத்தைக் கூட்டிக் குறைத்து வைத்து ஒரே சுருதியில் ஊளையிடாமல் கம்பெனிகள் பார்த்துக்கொள்கின்றன. அதனால் புது ஏடியின் சத்தம் பொறுக்கும்படியே இருக்கும். 15,000 கி.மீ. வாக்கில் அது திடீரென்று கூடினால் காரணம் வேறு: ஒவ்வொரு பட்டனிலும் ஒரு விளிம்பு மட்டும் அதிகம் தேய்ந்து, ரம்பப் பல் மாதிரி ஆகியிருக்கும்.

கண்டுபிடிப்பது சுலபம். வண்டியை நிறுத்தி, டயர் ஆறியதும், முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து ஒரு திசையில் தடவுங்கள், பிறகு எதிர்த்திசையில் தடவுங்கள். ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் பட்டன் விளிம்புகள் கையில் இடறினால் ரம்பத் தேய்மானம் தொடங்கிவிட்டது. ஒரு தடவை ஆழமாகத் தேய்ந்துவிட்டால் அந்தச் சத்தம் முழுசாகப் போகாது. அதனால் 8,000 கி.மீ.க்கு ஒரு தடவை முன் பின் மாற்றுங்கள். ஹெச்டியில் இதைத் தள்ளிப்போட்டாலும் பெரிதாகத் தெரியாது, ஏடியில் உடனே காதில் கேட்கும். டயர் ஓரத்தில் ஓடும் திசை அம்புக்குறி இருந்தால் ஒரே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மட்டும் மாற்ற வேண்டும். மாற்றும் அன்றே அலைன்மென்டும் பேலன்சிங்கும் பார்த்துவிடுங்கள்.

சட்டப்படி பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறையக்கூடாது. இடைவெளியின் அடியில் உள்ள சிறு குறுக்கு மேடும் பட்டனும் ஒரே மட்டமானால் அந்த வரம்பு வந்துவிட்டது. ஆனால் ஏடியின் மண் பிடிப்பு பாதித் தேய்மானத்திலேயே பெரும்பகுதி போய்விடும், ஈரத் தாரில் பிரேக்கும் 3 மி.மீ.க்குக் கீழே சட்டென்று மோசமாகும். ஆவணியில் ஆழம் அளந்து 3 மி.மீ. என்று வந்தால், இன்னும் ஒரு மழைக்காலம் ஓட்டிவிடலாம் என்று தள்ளிப்போடாமல் ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடுங்கள்.